கடலிடம் கேட்பது எப்படி?



என்னிடம் அறிவியல் படித்த பெண் ஒருத்தி இப்போது ஓசூரில் இருக்கிறாள். அவள் மகள் ஆறாம் வகுப்பு. என்னை "டீச்சர் பாட்டி" என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு நாளைக்கு முன்பு போன் பண்ணி, "கடல்ல விழுந்த பிளேனை எப்படிக் கண்டுபிடிப்பாங்க டீச்சர் பாட்டி? பெரிய டார்ச் லைட் அடிச்சுப் பாப்பாங்களா?" என்று கேட்டாள். அவள் அம்மா "சோனார்னு ஒண்ணு இருக்கு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். குழந்தைக்கு அது போதவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைக்காத குழந்தை அது. "நீங்களே எழுதுங்க டீச்சர், நான் படிச்சுக் காட்டுறேன்" என்றாள் அம்மா.

எனவே இது முதலில் குழந்தைகளுக்கு. பெரியவர்களும் கூடவே உட்கார்ந்து படியுங்கள். நடுவில் உங்களுக்கும் சில சமாச்சாரம் வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். மணி அடித்த பிறகும் நான் பாடத்தை நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாததா!

டார்ச் லைட்டிலிருந்தே ஆரம்பிப்போம். நல்ல கேள்விதான் அது. நம் ஊர்க் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே கால் விரல் தெரியாது, அவ்வளவு கலங்கல். நடுக்கடலில் தண்ணீர் தெளிவாக இருக்கும். ஆனால் அங்கேயும் 200 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் பெயருக்குத்தான். 1000 மீட்டருக்குக் கீழே பகலிலும் கும்மிருட்டு. எத்தனை பெரிய விளக்கைக் கொண்டுபோனாலும் அதன் ஒளி சில பத்து மீட்டர் தூரம் போவதற்குள் தண்ணீர் அதைக் குடித்துவிடும். சரி, ரேடியோ அலையை அனுப்பலாமே என்றால் உப்புத் தண்ணீர் அதை இன்னும் வேகமாகக் குடித்துவிடுகிறது. ஆகாயத்தில் விமானத்தைக் காட்டும் ரேடார், நம் செல்போன், ஜி.பி.எஸ். எல்லாமே கடல் மட்டத்தோடு சரி. தண்ணீருக்குள் ஒரு முழம் இறங்கினாலே அவை ஊமை.

ஒலி மட்டும் அப்படி இல்லை. அதற்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம். காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடல் நீரில் சுமார் 1500 மீட்டர், அதாவது நான்கு மடங்குக்கும் மேலே. திமிங்கலம் கத்துவது பல நூறு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும்.

இந்த வேகத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1826. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரி. கொலாடோன், ஸ்டர்ம் என்று இரண்டு பேர். ராத்திரி நேரம். ஒரு படகில் தண்ணீருக்குள் பெரிய மணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த மணியை அடிக்கும் அதே கணத்தில் படகின் மேலே வெடிமருந்து குபீரென்று பற்றிக்கொள்ளும்படி ஒரு ஏற்பாடு. பதின்மூன்றரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு படகு. அதில் இருப்பவர் நீண்ட குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு காத்திருப்பார். வெளிச்சம் தெரிந்ததும் நேரம் தொடங்கும். மணியோசை காதில் விழுந்ததும் நேரம் முடியும். ஒன்பது நொடிக்குக் கொஞ்சம் கூட. நொடிக்கு 1435 மீட்டர் என்று கணக்குப் போட்டார்கள். குளிர்ந்த நல்ல தண்ணீருக்கு இன்றைய கருவிகள் சொல்லும் விடையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு மணி, ஒரு குழாய், ஒரு கடிகாரம். ஆய்வகம் இல்லை, சாமான் இல்லை என்று சலித்துக்கொள்ளும் இன்றைய ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

வேகம் தெரிந்தாயிற்று. இனி எதிரொலி. பாட்டி வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்து "ஓ" என்று கத்தியிருக்கிறீர்களா? கிணறும் "ஓ" என்று திருப்பிச் சொல்லும். நீங்கள் அனுப்பிய ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பி வருகிறது. கிணறு ஆழமாக ஆழமாக, பதில் வருவதற்குத் தாமதம் ஆகும். சோனாரின் மொத்த ரகசியமும் இதுதான். கப்பலின் அடியில் இருக்கும் ஒரு கருவி "டிங்" என்று ஒரு ஒலியை அனுப்பும். அது கடலின் தரையில் பட்டுத் திரும்பும். போய்வர எத்தனை நேரம் என்று கருவி பார்க்கும். 0.1 நொடி என்று வைத்துக்கொள்வோம். 1500-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 150 மீட்டர். ஆழம் 150 மீட்டரா?

என் வகுப்பில் பாதிப் பேர் "ஆமாம் டீச்சர்" என்பார்கள். இல்லை. ஒலி போனது ஒரு தடவை, வந்தது ஒரு தடவை. 150 மீட்டர் என்பது போகவர ஆன தூரம். ஆழம் அதில் பாதி, 75 மீட்டர். தேர்வில் பாதியாக்க மறந்தால் ஒரு மதிப்பெண்தான் போகும். கப்பலில் மறந்தால், இருக்கிற ஆழத்தைப் போல இரண்டு மடங்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு போய்க் கப்பல் தரைதட்டும்.

சோனார் என்ற பெயர் 'சவுண்ட் நேவிகேஷன் அண்ட் ரேஞ்சிங்' என்பதன் சுருக்கம். ஒலியை வைத்து வழி அறிவது, தூரம் அளப்பது. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபோது, முன்னால் இருப்பதை இருட்டில் எப்படி அறிவது என்று பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1914-இல் ஃபெஸண்டன் என்பவர் வட அட்லாண்டிக்கில் ஒரு கப்பலிலிருந்து ஒலி அனுப்பி, ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த பனிப்பாறையிலிருந்து எதிரொலியைப் பிடித்தார். அதே வருடம் முதல் உலகப் போர். பனிப்பாறை போய் நீர்மூழ்கிக் கப்பல்தான் பெரிய பயமாகிவிட்டது. பிரான்சில் லாஞ்சவின் என்ற இயற்பியலாளர் குவார்ட்ஸ் படிகத்தில் மின்சாரம் பாய்ச்சி அதை நடுங்கவைத்து ஒலி எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். அதே படிகத்தில் எதிரொலி வந்து மோதினால் அது மின்சாரம் தரும். வாயும் அதுவே, காதும் அதுவே. இன்றைய சோனார்களிலும் அடிப்படை இதுதான். குவார்ட்ஸுக்குப் பதில் வேறு பொருள், அவ்வளவுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் துறைமுகத்தில் என் பழைய மாணவன் ஒருவன் தன் விசைப்படகில் என்னை ஏற்றிக்காட்டினான். கடைசி பெஞ்ச். அவன் படகில் சின்ன டி.வி. மாதிரி ஒரு பெட்டி, எக்கோ சவுண்டர். "அவங்க அப்பா காலத்துல கயித்துல ஈயக்குண்டு கட்டி இறக்கி, எத்தன பாகம்னு கையால அளப்பாங்க டீச்சர். இப்ப ஸ்விட்சைப் போட்டாப் போதும்" என்று பக்கத்தில் இருந்த இன்னொருவரைக் காட்டிச் சொன்னான். திரையில் கீழே தடிமனாக ஒரு கோடு, அதுதான் தரை. பாறை என்றால் எதிரொலி பலமாக வரும், கோடு அழுத்தமாகத் தெரியும். சேறு என்றால் ஒலியில் கொஞ்சத்தைச் சேறு உறிஞ்சிக்கொள்ளும், கோடு மங்கல். கீழே பார் இருக்கிறதா, சேறா என்று தெரிந்தால் வலை கிழியாமல் தப்பிக்கலாம்.

தரைக்கு மேலே மேகம் மாதிரி தெரிந்தால் மீன் கூட்டம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீனின் உடம்பும் ஏறத்தாழத் தண்ணீர் மாதிரிதான் என்பதால், ஒலி அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. எதிரொலியின் பெரும்பகுதி மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருகிறது. மீன் கழுவும்போது பலூன் மாதிரி வெள்ளையாக ஒன்று வருமே, அதுதான். மீன் மிதக்க உதவும் அந்தப் பையே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. அதனால் அத்தனை பெரிய சுறாவும் திரையில் அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தக் காற்றுப்பை கடற்படைக்காரர்களையே குழப்பியது. ஆழமான கடலில், சில நூறு மீட்டரிலேயே தரை இருப்பதாக சோனார் காட்டியது. வரைபடத்தில் அப்படி ஒரு தரை இல்லை. அதைவிட விசித்திரம், அந்தத் 'தரை' சாயங்காலம் மேலே ஏறி, விடியற்காலை கீழே இறங்கியது! கடைசியில் பார்த்தால் அது உயிருள்ள தரை. கோடிக்கணக்கான சின்ன மீன்கள், இறால் வகைகள், கணவாய்கள் பகலில் இருட்டுக்குள் ஒளிந்திருந்து, இரவில் இரை தேடி மேலே வருகின்றன. தினமும், உலகக் கடல் முழுக்க. ஒலி இல்லாவிட்டால் இப்படி ஓர் ஊர்வலம் நடப்பது நமக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த மாணவன் இன்னொன்றும் சொன்னான். "மீனுக்கு ஒளிய எடமே இல்லாமப் போச்சு டீச்சர். முன்னெல்லாம் அதுக்கும் ஒரு சான்ஸ் இருந்துச்சு." லாபம் பார்க்கிறவனே சொன்னது இது. கருவியை நான் குறை சொல்லமாட்டேன், டீசல் விலைக்கு அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வலை போட முடியாது. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டியைத்தான் காட்டுவேன்.

சரி, விமானம். அதற்கு முன் ஒரே ஒரு படி. கோயில் திருவிழாவில் தூரத்திலிருந்து மேளச் சத்தம் வருவதைக் கவனியுங்கள். தவிலின் 'தொம் தொம்' ஊர் எல்லை வரை கேட்கும். ஜால்ராவின் 'கிணிங்' பக்கத்துத் தெருவோடு சரி. தடித்த ஒலி தூரம் போகும்; மெல்லிய, கீச்சென்ற ஒலி சீக்கிரம் கரைந்துவிடும். தண்ணீரிலும் அப்படியே. ஆனால் கீச்சொலிக்கு ஒரு பெருமை உண்டு, அது சின்னச் சின்னப் பொருளையும் பிரித்துக் காட்டும். தடித்த ஒலிக்குப் பெரிய மலை தெரியும், சின்னக் கல் தெரியாது. ஆகவே சோனார் வைத்திருப்பவருக்கு எப்போதும் இந்த இக்கட்டுதான். தூரம் வேண்டுமா, துல்லியம் வேண்டுமா? இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போகப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.32 விமானம் வங்காள விரிகுடாவுக்கு மேலே காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல்கள் போயின, விமானங்கள் போயின, வாரக்கணக்கில் தேடினார்கள். ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. கடல் ஆராய்ச்சிக் கப்பல்களும் சோனாரோடு போய்ப் பார்த்தன. அப்போது வகுப்பில் ஒரு பையன், "இவ்வளவு பெரிய பிளேன் டீச்சர், எப்படிக் கிடைக்காமப் போகும்?" என்று கேட்டான். கரும்பலகையில் கணக்குப் போட்டோம்.

கப்பல் கடலின் மேலே இருக்கிறது. தரை மூன்று கிலோமீட்டருக்கும் கீழே. அத்தனை தூரம் போகத் தடித்த ஒலிதான் வேண்டும். அந்த ஒலி நேர்கோடாகப் போகாது, டார்ச் வெளிச்சம் மாதிரி விரிந்துகொண்டே போகும். நல்ல கருவியில், விரிவு ஒரே ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டாலும், 3400 மீட்டர் கீழே போகும்போது அது சுமார் 60 மீட்டர் அகலத்துக்குப் படர்ந்துவிடும். அந்த 60 மீட்டர் வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு புள்ளி. ஏ.என்.32 விமானத்தின் முழு நீளமே 24 மீட்டர்தான். உடைந்து சிதறியிருந்தால் இன்னும் சின்னது. ஒரு டிங் போய்வர நாலரை நொடி. தேட வேண்டிய பரப்போ பல்லாயிரம் சதுர கிலோமீட்டர். கடல் ஒளித்துவைக்கவில்லை, நாம் கேட்ட கேள்வி அதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து சரியாகக் கேட்கவில்லை.

அப்படியானால் கேட்பவர் கீழே இறங்க வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறதே, வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகிறவர்கள் போர்டு பார்த்திருப்பீர்கள், அவர்களிடம் ஆளில்லாமல் தானே போகும் நீர்மூழ்கி ஒன்று இருக்கிறது. மேலேயிருந்து ரேடியோவில் அதை ஓட்ட முடியாது, காரணம் முன்பே சொன்னேன். எங்கே போக வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று எல்லாம் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். அது ஆழத்துக்கு இறங்கி, தரையை ஒட்டியே, வயலில் ஏர் உழுகிற மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, திரும்ப அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி என்று போகும். தரை பக்கத்தில் இருப்பதால் இப்போது கீச்சொலியைப் பயன்படுத்தலாம். பக்கவாட்டில் ஒலி அனுப்பினால் தரையில் துருத்திக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பின்னால் ஒலி போகாத இடம் கறுப்பு நிழலாக விழும். சாயங்கால வெயிலில் சின்னக் கல்லுக்கும் நீள நிழல் விழுமே, அப்படி. பொருளைவிட நிழல்தான் அதன் உருவத்தை நன்றாகக் காட்டும்.

2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அந்த நீர்மூழ்கி 3400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் உடைந்த பாகங்களைக் கண்டிருக்கிறது. முதலில் சோனார் உருவத்தைக் காட்டியது, பிறகு கேமரா படம் எடுத்தது. படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஏ.என்.32 விமானத்தோடு பொருந்தியது. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை. ஏழரை வருடம். அந்த 29 வீடுகளில் இருந்தவர்கள் அத்தனை நாளும் எப்படி இருந்திருப்பார்கள்? கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொட்டை அழிப்பதா வேண்டாமா, திதி கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "கிடைத்துவிட்டது" என்ற சொல்லால் யாரும் உயிரோடு திரும்பிவிடவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று கரும்பலகைக் கணக்கு ஞாபகம் வந்து, கேள்வி கேட்ட பையனுக்கு முதலில் போன் போட்டேன். இப்போது அவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அவனும் மறக்கவில்லை.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 2015 ஜூனில், கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் மூன்று பேரோடு நம் கரைக்கு அப்பால் காணாமல் போனது. அதை ஏறக்குறைய ஒரு மாதத்தில் கண்டுபிடித்தார்கள். வித்தியாசம் என்ன? விழுந்த விமானத்திலிருந்த ஒரு கருவி தண்ணீருக்குள் தானாகவே ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் அதைக் கேட்டது. இது இன்னொரு வகை சோனார். இதில் நாம் 'டிங்' அனுப்புவதே இல்லை, சும்மா காதை வைத்துக்கொண்டிருப்பதுதான் வேலை. நீர்மூழ்கிகளுக்கு இதுதான் வசதி. ஒலி அனுப்பினால் தான் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் என்பதைக் கவனித்தீர்களா? கேள்வி கேட்பதும் கேட்பது, காது கொடுத்துக் கேட்பதும் கேட்பது.

இனி பெரியவர்களுக்கு. நம் குடும்ப வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை தவறாமல் வரும் செய்தி: "பூம்புகார் கடலுக்குள் 11,000 ஆண்டுப் பழைமையான நகரம், சோனார் நிரூபித்தது!" நம் பக்கத்து ஊர் என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் சோனார் என்ன சொன்னது என்று பார்ப்போம். 1991-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பக்கவாட்டு சோனாரோடு தேடியபோது, கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் மாதிரி வளைந்த ஓர் உருவம் தெரிந்தது. இவ்வளவுதான் எதிரொலி தந்தது. அது மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா, எதிரொலி சொல்லாது. வயதையும் சொல்லாது. கடல்மட்டம் இன்றைவிட 23 மீட்டர் தாழ்ந்திருந்த காலம் எது என்று பார்த்து, அதையே கட்டடத்தின் வயதாக்கிவிட்டார்கள். அது கட்டடம் என்பதே முடிவாகாதபோது வயது எங்கிருந்து வந்தது? தோண்டி, கல்லை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பூம்புகாரின் பெருமைக்கு இருக்கிற சான்றே போதும். அடுத்த முறை யாராவது இதை அனுப்பினால் நான் பதிலுக்கு இந்தப் பதிவை அனுப்பிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா.

நாம் நூறு வருடமாகச் செய்வதை வௌவால் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்கிறது. நம் காதுக்கு எட்டாத கீச்சொலியை அனுப்பி, இருட்டில் பறக்கும் பூச்சியை லபக்கென்று பிடிக்கும். டால்பினும் அப்படித்தான். நம் நாட்டின் தேசிய நீர்வாழ் உயிரினமான கங்கை டால்பினுக்குக் கண் கிட்டத்தட்டத் தெரியாது; கலங்கல் தண்ணீரில் கண் இருந்தும் என்ன பயன்? 'டிக் டிக்' என்று ஒலி அனுப்பிக்கொண்டேதான் ஆற்றில் வழி கண்டுபிடிக்கிறது.

இப்படி ஒலியை நம்பியே வாழும் உயிர்கள் இருக்கும் இடத்தில் நாம் போய்ச் சத்தம் போட்டால்? 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில், அமெரிக்கக் கடற்படை பலமான சோனாரோடு பயிற்சி செய்தபோது, பதினேழு திமிங்கலங்களும் டால்பினும் கரையில் வந்து ஒதுங்கின. சில செத்தன. கடற்படையே சேர்ந்து நடத்திய விசாரணையில் காரணம் சோனாராகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கேனரி தீவுகளிலும் இப்படி நடந்தது. அங்கே ஸ்பெயின் அரசு 2004-இல் கடற்படை சோனாரைத் தடை செய்தது. படகில் இருக்கும் சின்ன எக்கோ சவுண்டரால் இப்படி ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், அதன் ஒலி எங்கே, போர்க்கப்பலின் ஒலி எங்கே. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் ஜன்னலுக்கு நேரே கூம்பு ஸ்பீக்கர் கட்டுகிறவர்களுக்கு இந்தத் திமிங்கலத்தின் கஷ்டம் புரியாது.

சோனார் கடலில் மட்டும்தானா என்றால், இல்லை. கார் ரிவர்ஸ் எடுக்கும்போது 'பீப் பீப்' என்கிறதே, பம்பரில் வட்டமாக இருக்கும் பொத்தான்கள் செய்வது இதே வேலைதான், காற்றில். போன வருடம் உங்கள் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது 'எக்கோ எடுத்தார்கள்' என்றோமே, எக்கோ என்றால் எதிரொலி. அதுவும் இதே கிணற்றுக் கதைதான். நம் உடம்பில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர், கடலில் இருப்பதற்கு வெகு அருகில். நாமும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தானே!

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனும் அதுவே. கப்பல் கட்டும் ஊரான கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற டாக்டர், இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒலிக்கருவியை எடுத்து மனித உடம்பில் வைத்துப் பார்த்தார். 1958-இல் கருப்பைக்குள் இருக்கும் சிசுவின் எதிரொலிப் படங்களை வெளியிட்டார். அதனால் பிழைத்த தாய்மாரும் குழந்தைகளும் கணக்கில் அடங்கமாட்டார்கள்.

ஆனால் நம் ஊர் ஸ்கேன் சென்டர் வாசலில் ஒரு பலகை இருக்கும், சிசு ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் குற்றம் என்று. 1994-இல் வந்த சட்டம் அது. குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டாம். ஏன் அந்தப் பலகை என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். என் வகுப்பில் மூன்றாவது பெண்ணாக, நான்காவது பெண்ணாகப் பிறந்தவர்கள் இருந்தார்கள். சிலருக்கு 'போதும்பொண்ணு' என்று பெயரே வைத்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட எனக்கு வாய் கூசும். அவர்களில் ஒருத்தி இன்று நர்ஸ், ஸ்கேன் அறைக்கு வெளியே கர்ப்பிணிகளை வரிசையில் உட்கார வைப்பவள் அவள்தான். இதைப் படித்துக்கொண்டிருப்பாள். உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன், "பேரையும் போட்டே எழுதுங்க டீச்சர்" என்றாள். பெயர் போட்டாயிற்று கண்ணு.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். ஓசூர்க் குழந்தைக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வீட்டுப்பாடம். ஒன்று: படகிலிருந்து அனுப்பிய ஒலி 0.04 நொடியில் திரும்பி வந்தது. ஆழம் எத்தனை மீட்டர்? எத்தனை பாகம்? (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இரண்டு: ஒரு பெரிய சுவருக்கு முன்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றால் எதிரொலி தனியாகக் கேட்காது. பின்னால் நடந்துகொண்டே தட்டுங்கள். எத்தனை அடி தள்ளிப் போன பிறகு தனியாகக் கேட்கிறது என்று அளந்து எழுதுங்கள். பள்ளிக்கூட மைதானமோ கல்யாண மண்டபத்துச் சுவரோ போதும்.

விடையை எனக்கு அனுப்பலாம். பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பாதியாக்க மறந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.